சப்பாத்திக்கள்ளி: கோலாலம்பூர் மழையில் வளர்ப்பது முதல் சமைப்பது வரை முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் கள்ளிச்செடி வாங்கியவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வாங்கும்போது செடி நன்றாக இருந்தது, சில மாதத்தில் அடி கறுத்தது, ஒருநாள் தொட்டதும் கொழகொழவென்று சாய்ந்துவிட்டது. "நம்ம ஊர்ச் சூடு அதுக்கு ஒத்துக்கலை" என்று முடித்துவிடுவார்கள். சூட்டின் மேல் பழி போடுவது தப்பு. சப்பாத்திக்கள்ளியின் தாயகமான மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலத்தில் இதைவிடக் கடுமையான வெயில் அடிக்கிறது. அங்கே இல்லாதது நம் மழைதான். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. இந்தச் செடிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆகவே கீழே வரும் பாதி யோசனைகள் தண்ணீரை விலக்கி வைப்பதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள்

முள் இருந்தால் எல்லாவற்றையும் கள்ளி என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். வெறும் அழகுக்கு வளர்ப்பதென்றால் பரவாயில்லை, சாப்பிடப் போகிறோம் என்றால் இது ஆபத்து. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளிக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. ஓரத்தில் ஊசியால் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கையைக் கழுவுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையைக்கூடப் பாதிக்கும். கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் என்ன கதை உண்டு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சப்பாத்திக்கள்ளியைக் குத்தினால் பால் வராது, தெளிந்த வழவழப்பான நீர்தான் கசியும்.

அடுத்து, சப்பாத்திக்கள்ளியிலேயே எந்த வகை என்று பாருங்கள். மலேசியாவில் வீட்டு வாசல்களில் அதிகம் காண்பது பெரிய முள் இல்லாத, நீள்வட்ட மடல் கொண்ட வகை. அதன் பூ சிறியது, சிவப்பு. இதழ் முழுதாக விரியாது; மகரந்தத் தண்டுகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஈரத்தைத் தாங்குவதில் இதுதான் கெட்டிக்காரச் செடி. முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டாவது, தமிழ்நாட்டில் நாகதாளி என்று சொல்லும் முள் வகை. மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். கடலோர நிலம் இதற்குப் பழக்கமானது, அதனால் பினாங்கில் கடற்காற்று வரும் வீடுகளுக்குப் பொருந்தும். மூன்றாவது, இத்தாலியிலும் மொரோக்கோவிலும் பழத்துக்காகப் பயிரிடும் பெரிய மடல் வகை. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எல்லோரும் தேடுவது இதைத்தான். நம் ஈரத்தில் முதலில் அழுகுவதும் இதுவே.

எங்கே வாங்குவது

சிலாங்கூரில் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளுக்குப் போனால் போதும். பழைய தொழுநோய்க் குடியிருப்பை ஒட்டி, அங்கே வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வளர்த்தெடுத்த செடிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும்போது கள்ளிக் கடைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தக் குளிரில் வளர்ந்த செடி கீழே இறங்கியதும் திணறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை வைத்த சின்னக் கள்ளிகள் ஒட்டுச்செடிகள். அந்த உருண்டையில் பச்சையமே கிடையாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு டிராகன் பழ இனம். கீழே உள்ளது உழைக்க, மேலே உள்ளது சாப்பிடுகிறது. நீண்ட காலம் வாழாது. இன்னொன்று, சில கடைகளில் காய்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்பார்கள். பூவின் அடியை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சொல்லப்போனால் காசே கொடுக்க வேண்டாம். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், யார் வீட்டு வேலியோரமாவது இந்தச் செடி இருக்கும். கேட்டால் ஒரு மடல் தருவார்கள்.

சட்டியும் மண்ணும்

மண்சட்டி வாங்குங்கள். அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறும், பிளாஸ்டிக்கில் அது நடக்காது. மடலின் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய சட்டி போதும். பெரிய சட்டியில் நட்டால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும்.

கடையில் கறுப்புப் பையில் விற்கும் செடிமண்ணை அப்படியே போடாதீர்கள். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் ஒரு மழைக்கு ஒரு வாரம் ஈரமாக இருக்கும். கரடான ஆற்று மணல் இரண்டு பங்கு, பியூமிஸ் என்ற எடையில்லாத எரிமலைக் கல் அல்லது உடைத்த செங்கல் ஒரு பங்கு, நாற்றுப்பண்ணையில் கிடைக்கும் சுட்ட மண் ஒரு பங்கு, கரியாக்கிய நெல் உமி ஒரு பங்கு. இதைக் கலந்து கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். வேர் அழுகுவது ஒருபுறம், தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரி வந்து அபராதச் சீட்டு எழுதுவார். இரண்டு செங்கல்லின் மேல் சட்டியைத் தூக்கி வையுங்கள்.

மடலை நடுவது

முற்றிய மடலாகத் தேர்ந்தெடுத்து, அது தாய்ச்செடியோடு சேரும் இணுக்கில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். மடலின் நடுவில் வெட்டினால் காயம் பெரிதாகும். வெட்டியதை உடனே நடாமல், மழை படாத, காற்றோட்டமான நிழலில் நிறுத்தி வையுங்கள். மெக்சிகோவில் சில நாள் போதும். நம் ஈரக்காற்றில் இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம்கூட ஆகும். வெட்டுவாய் காய்ந்து, தோல் மாதிரி கெட்டியாக வேண்டும். பொறுமை இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களின் செடிதான் முதல் மாதத்திலேயே அழுகுகிறது.

பிறகு இரண்டு மூன்று செண்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, சாயாமல் இருக்கக் கல் அண்டை கொடுங்கள். மடலின் அகலப் பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் முழுதாக விழும். முதல் வாரம் தண்ணீர் கிடையாது. பிறகு கொஞ்சம் தெளித்து, மடலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் விட்டுவிட்டது.

வெயிலும் மழையும்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஆண்டு நடுவில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், ஆண்டுக் கடைசியில் தெற்கே வரும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வெயில் வரும், பிறகு நிழல். தெற்குப் பார்த்ததற்கு நேர்மாறு. கிழக்கு, மேற்குப் பால்கனிகளில் ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உண்டு. நேரடி வெயில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் இல்லாவிட்டால் மடல்கள் மெலிந்து, ஒல்லியாக மேலே நீளும். செடி உயிரோடு இருக்கும், ஆனால் பூக்காது.

வாசல் உள்ள வீட்டுக்காரர்களுக்கு வெயில் கவலை இல்லை, மழைதான் கவலை. நம் மழை பெரும்பாலும் பிற்பகல் இடியோடு வந்து கொட்டும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு ஒன்றைச் சாய்வாகப் போட்டால் வெயிலும் வரும், மழையும் படாது. கூரைக்கு வழியில்லை என்றால், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மட்டுமாவது சட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடுங்கள். கோலாலம்பூரில் அதிகம் நனையும் மாதங்கள் அவை.

கூரைக்குக் கீழே இருக்கும் செடிக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை, மண் அடிவரை காய்ந்த பிறகு, நன்றாக ஊற்றுங்கள். தினமும் ஒரு கரண்டி ஊற்றுவது பாசம் காட்டுவதாகத் தோன்றும், செடிக்கு அது விஷம்.

வாசலில் முள்செடி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொன்னால் வாதாடாதீர்கள். பின்பக்கம் வையுங்கள். துணி காயப்போடும் இடத்தில்தான் பெரும்பாலும் நல்ல வெயிலும் இருக்கிறது.

பூக்க வைப்பது

கள்ளியின் மடலில் புள்ளி புள்ளியாக முள் முளைக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மொட்டுக்கண். அதிலிருந்து புது மடலும் வரலாம், பூவும் வரலாம். எது வரும் என்பது பெரிதும் நீங்கள் செடியை நடத்தும் விதத்தைப் பொறுத்தது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் மடல். கொஞ்சம் பட்டினி போட்டால் பூ.

முதலில், மடலுக்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். புதிதாக நட்ட ஒற்றை மடலிடம் பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று அடுக்கு வந்த பிறகே முயற்சி செய்யுங்கள். பச்சை நிறத்தில் வரும் 15-15-15 உரத்தை நிறுத்திவிட்டு, 12-12-17 என்று எண் போட்ட நீல உரத்தில் ஒரு சிட்டிகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அந்த எண்கள் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. அதற்கு மேல் வேண்டாம். வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஊற்றினால் எறும்பும் பழ ஈயும் வரும்; பூ வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் வறட்சி. நான்கு முதல் ஆறு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். மடல் லேசாகச் சுருங்கும், பயப்பட வேண்டாம். பினாங்கில் இருப்பவர்களுக்கு இது சுலபம், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழையே குறைந்துவிடும். கோலாலம்பூரில் ஜூன், ஜூலை மாதங்கள்தான் ஓரளவு தோது, அதுவும் கூரைக்கு அடியில். முள்ளில்லாத சிவப்புப் பூ வகைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வெயில் போதுமாக இருந்தால் அது பாட்டுக்குப் பூக்கும். நாகதாளிக்குத்தான் இந்தப் பட்டினி.

மடலின் மேல் விளிம்பில் முளை தெரிந்ததும் உற்றுப் பாருங்கள். தட்டையாக இருந்தால் புது மடல், அடி பருத்து உருண்டையாக இருந்தால் மொட்டு. மொட்டு என்றால் இனி மெதுவாகத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கலாம். நாகதாளிப் பூ ஒரே நாள்தான். காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரிந்து, வாடும்போது ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். விரிந்திருக்கும்போது உள்ளே உள்ள மகரந்தத் தண்டுகளை ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள். அவை அசைந்து உள்நோக்கி வளையும். உள்ளே நுழையும் வண்டின் உடம்பில் மகரந்தத்தைப் பூசுவதற்கான ஏற்பாடு அது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உயரமான மாடிக்குத் தேனீ வராது என்றால், சின்ன வண்ணத்தூரிகையால் மகரந்தத்தை எடுத்து நடுவில் உள்ள சூல்முடியில் நீங்களே தடவிவிடலாம்.

சிசிலி விவசாயிகள் இன்னொரு வேலை செய்வார்கள். கோடைத் தொடக்கத்தில் வரும் முதல் பூக்களை எல்லாம் தட்டிவிடுவார்கள். செடி மறுபடி பூக்கும். அந்த இரண்டாம் பூவில் வரும் பழம் பெரியது, இலையுதிர் காலத்தில் நல்ல விலைக்குப் போகும். சட்டியில் நாலு பூ வைத்திருப்பவர் இதை முயல வேண்டாம்.

வெள்ளைப் பஞ்சும் சைதாப்பேட்டையும்

மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் தெரிந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். வெறும் மெழுகுப் பிசுக்கு என்றால் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். நசுக்கியதும் ரத்தச் சிவப்பாக வந்தால் அது கொச்சினியல் பூச்சி. அதுவும் செடிக்குக் கெடுதல்தான், தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஆனால் கழுவும்போது அதன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கள்ளி உலகம் சுற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெக்சிகோவின் பழங்குடி மக்கள் இந்தப் பூச்சியைக் கள்ளி மடலில் வளர்த்து, காயவைத்து, துணிக்குச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்த பிறகு, அங்கிருந்து போன பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். ஸ்பானியர் பொத்தி வைத்த இந்த ரகசியத்தை உடைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. மதராசில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1780களின் கடைசியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டமே போட்டார். 1795இல் நீல்சன் என்ற படைத்தலைவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது தப்பான பூச்சி. சாயம் மட்டம், ஆனால் கள்ளியைத் தின்பதில் சூரன். போகும் இடமெல்லாம் ஒரு வகைக் கள்ளியை அழித்தது. அதைப் பார்த்துத்தான், ஒரு பூச்சியை விட்டே களையை ஒழிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது. தென்னிந்தியாவில் நாகதாளி காடாக மண்டியபோது, 1926இல் இலங்கை வழியாக இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நிலங்கள் மீண்டன.

அந்தச் சாயம் இன்றும் உண்டு. பொட்டலத்தில் இ120 அல்லது கார்மைன் என்று போட்டிருந்தால் இதுதான். சைவம் கடைப்பிடிப்பவர்கள் இளஞ்சிவப்புத் தயிர், மிட்டாய் வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுகலைப் பற்றி ஒரே வரி: கறுத்த இடத்துக்கு மேலே, நல்ல பச்சை தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காயவைத்துப் புதிதாக நடுங்கள். மருந்து எதுவும் அழுகிய மடலைத் திருப்பித் தராது.

பழமும் பொடிமுள்ளும்

பெரிய முள் எதிரியே அல்ல, கண்ணுக்குத் தெரியும், விலகிப் போகலாம். தொல்லை தருவது பழத்திலும் மடலிலும் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற பொடிமுள். அதன் நுனியில் தூண்டில் கொக்கி உண்டு, குத்தினால் திரும்பி வராது. கையுறையை நம்பாதீர்கள், துணிக்குள் புகுந்து பிறகு வாரக்கணக்கில் குத்தும். இடுக்கியால் பழத்தைப் பிடித்துத் திருகிப் பறியுங்கள். அடுப்புத் தீயில் சுற்றிச் சுற்றி வாட்டினால் பொடிமுள் பொசுங்கிவிடும். பிறகு ஓடும் தண்ணீரில் தூரிகையால் தேய்த்து, இரண்டு முனையையும் வெட்டி, நீளவாக்கில் கீறித் தோலை உரியுங்கள். பூ இருந்த தலைப்பக்கக் குழியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். முள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஊரில் பெரியவர்கள் தொண்டை முள் என்று பிள்ளைகளை மிரட்டுவது அதைத்தான்.

கையில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். தெரிவதை முள்வாங்கியால் எடுத்துவிட்டு, பிள்ளைகளின் வெள்ளைப் பசையைத் தடவி, மேலே மெல்லிய துணி போட்டு, காய்ந்ததும் உரித்தால் மிச்சமும் வரும். கண்ணில் பட்டால் நேரே மருத்துவமனை.

நாகதாளிப் பழத்தின் சாறு நாக்கு, உதடு, சட்டை எல்லாவற்றையும் சிவப்பாக்கும். சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும், பயப்படாதீர்கள். விதை கல் போல இருக்கும். ஒன்றிரண்டு பழம் சரி, நிறைய விதையை விழுங்கினால் மலச்சிக்கல் கடுமையாகும், குடலே அடைத்துக்கொண்டதும் உண்டு. பிழிந்து வடிகட்டிச் சீனி, எலுமிச்சை சேர்த்துச் சர்பத்தாகக் குடிப்பது நல்லது.

மடலைச் சமைப்பது

மெக்சிகோவில் இது அன்றாடக் காய்கறி. அவர்கள் கொடியிலேயே கள்ளிமேல் கழுகு உட்கார்ந்திருக்கிறது, சந்தையில் முள் சீவிய மடலைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அங்கே பறிப்பவர்கள் விடிகாலையில் பறிக்க மாட்டார்கள். இந்தச் செடி பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில்தான் கரியமில வாயுவை இழுக்கிறது, அதை அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. அதனால் காலையில் மடல் புளிக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பு குறையும். காலை பத்து மணிக்கு மேல் பறியுங்கள். குழம்புக்குப் புளிப்பு வேண்டும் என்றால் விடியலில் பறியுங்கள்.

உள்ளங்கை அளவு இளமடலாக, அடையாளம் உறுதியாகத் தெரிந்த செடியில், பூச்சிமருந்து அடிக்காததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய அலங்காரச் செடியை உடனே சமைக்காதீர்கள். அதில் புதிதாக முளைத்த மடல் வரட்டும். கத்தியைப் படுக்கவைத்து ஒவ்வொரு முள்கண்ணையும் சீவி, ஓரத்தையும் நறுக்கிவிட்டு, விரல் நீளத்துண்டுகளாக்கி உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவையுங்கள். வெண்டைக்காய் போல வழவழப்பு வரும். வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினால் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய் இல்லாத சூடான சட்டியில் வதக்கினாலும் வற்றும்.

பிறகு உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்தது கெராபு என்ற மலாய் சாலட் பாணி: சின்ன வெங்காயம், ஊசி மிளகாய், வறுத்த தேங்காய்த் துருவல், லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை இரண்டு பிழிந்து, கொஞ்சம் பிளாச்சான் என்ற இறால் விழுது. சைவம் என்றால் பிளாச்சானுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை. புளிக்குழம்பிலும் நன்றாகச் சேரும். பாலில் சமைக்கச் சொல்லும் குறிப்புகளை நான் நம்புவதில்லை.

மருந்தாக

மடலைத் தீயில் வாட்டி, பிளந்து, வெதுவெதுப்பாக வீக்கத்தின் மேல் வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டிலும் மெக்சிகோவிலும் இருக்கும் பழக்கம். நம் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிகளும் பொன்னுக்கு வீங்கிக்கு முள் சீவி அரைத்துப் பூசுவார்கள். தோலில் புண் இல்லாத இடத்தில் இதமான ஒத்தடமாக வைப்பதில் தப்பில்லை. பொடிமுள் ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்துவிட்டு வையுங்கள்.

சர்க்கரைக்கு நல்லது என்று சொல்வது வெறும் கதை அல்ல. உணவோடு மடலைச் சேர்த்துச் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரை கொஞ்சம் குறைகிறது என்று மெக்சிகோவில் சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மடலில் உள்ள நார்ச்சத்தும் வழவழப்பும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதோடு தினமும் மடல் சாறும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள், மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மடலைத் தவிர்ப்பது நல்லது, ஆக்சலேட் இருக்கிறது. புற்றுநோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அங்கேயே அழித்துவிடுங்கள்.

மற்ற பயன்கள்

தென் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களில் இது வேலி. பஞ்ச காலத்தில் முள்ளைச் சுட்டுவிட்டு மாட்டுக்குப் போடுவார்கள். மெக்சிகோவில் மடலின் பசைநீரைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் பூசினார்கள். நம்மவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தது மாதிரி அதுவும் பூச்சைக் கெட்டியாக்கும். ஒரு சின்னச் சட்டிக்குச் சுண்ணாம்பு அடிப்பதாக இருந்தால் முயன்று பார்க்கலாம்: நறுக்கிய மடலை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் சுண்ணாம்பைக் கரையுங்கள்.

அதிகமான மடலை என்ன செய்வது

ஒரு வருடத்துக்குப் பிறகு செடி தாராளமாக மடல் விடும். வெட்டியதைச் சாக்கடை ஓரத்திலோ காலி நிலத்திலோ வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர் விடும். ஆஸ்திரேலியாவில் இப்படிப் பரவிய கள்ளி கோடிக்கணக்கான ஏக்கரை மூடியது. கடைசியில் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். வேண்டாத மடலைத் துண்டு துண்டாக நறுக்கி, வெயிலில் முழுதாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். நல்ல மடல் என்றால் வெட்டுவாய் காய்ந்ததும் நாளிதழில் சுற்றி, எந்த வகை, என்ன நிறப் பூ, சமைக்கலாமா கூடாதா என்று மேலே எழுதி, கேட்பவர்களிடம் கொடுங்கள்.